நான்கு மண்டபம், ஒரே சாமான் லிஸ்ட்

1997இல் நெஸ்லே நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில் ஒரு விஷயம் தெரியவந்தது. அதன் தொழிற்சாலைகள் ஒரே வியாபாரியிடம் வெனிலா வாங்கிக்கொண்டிருந்தன. ஆனால் கொடுத்த விலை ஒன்றல்ல, 29. அதே சரக்கு, அதே ஆள், 29 விலை. ஒவ்வொரு தொழிற்சாலையும் தனியாகப் போய்ப் பேரம் பேசியது. படிந்த விலைக்கு வாங்கியது. பக்கத்துத் தொழிற்சாலை என்ன விலைக்கு வாங்குகிறது என்று பார்க்க வழியே இல்லை. காரணம் மிகச் சாதாரணமானது. ஒரு பிரிவின் கணினியில் வெனிலாவுக்கு 1234 என்று எண் இருந்தால், இன்னொரு பிரிவில் அதற்கே 7778 என்று இருக்கும். தலைமையகத்தில் உட்கார்ந்து "மொத்தம் எவ்வளவு வெனிலா வாங்குகிறோம்?" என்று கேட்டால் கணினியால் பதில் சொல்ல முடியாது. அதைப் பொறுத்தவரை அவை இரண்டும் வேறு வேறு சரக்கு.

அது சின்ன நிறுவனமும் அல்ல, நிர்வாகம் தெரியாத நிறுவனமும் அல்ல. கார்னேஷன், ஸ்டௌஃபர்ஸ் என்று தனித்தனியாக இயங்கியவற்றை ஒன்று சேர்த்து 1991இல் நெஸ்லே யு.எஸ்.ஏ. ஆக்கினார்கள். பெயர்ப்பலகை ஒன்றானது. உள்ளே 9 பொதுப் பேரேடுகள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர் விவரம் 28 வாசல் வழியாக உள்ளே வந்தது. வளர்கிற உற்பத்தி நிறுவனங்களில் இது வழக்கமாக நடப்பதுதான். கோவையில் ஒரு பம்பு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் யூனிட்டின் கணக்கு டாலியில் இருக்கும். இரண்டாவது யூனிட்டுக்குத் தெரிந்தவர் ஒருவர் எழுதிக்கொடுத்த சாஃப்ட்வேர். மூன்றாவதை வேறொருவரிடமிருந்து விலைக்கு வாங்கியிருப்பார்கள். அது தன் பழைய சாஃப்ட்வேருடனேயே வந்து சேரும். நான்காவது முழுக்க எக்செல். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் ஒழுங்காகவே ஓடும். நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய நாள் வரும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

ஆகவே எல்லா யூனிட்டுக்கும் ஒரே சாஃப்ட்வேர் போட முடிவு செய்கிறார்கள். கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளும் அந்தச் சாஃப்ட்வேருக்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம். துணைக்கு ஒரு கல்யாணச் சமையல்காரரை அழைத்துக்கொள்வோம்.

கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் மாஸ்டர் அவர். ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு மண்டபம் என்று இருந்தவரை நோட்டுப் புத்தகம்கூட அவருக்குத் தேவைப்படவில்லை. எத்தனை இலை, எத்தனை கிலோ, உக்கிராண அறையில் என்ன மிச்சம், மளிகைக் கடைக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் மனக்கணக்கு. கோட்டை அடுப்பின் முன்னால் நின்றபடியே அத்தனையையும் நடத்திவிடுவார். பிறகு பேர் பரவுகிறது. ஒரே முகூர்த்த நாளில் மதுரை, கும்பகோணம், கோவை, சென்னை என்று நான்கு மண்டபம் கிடைக்கிறது. நான்கு அடுப்பின் முன்னாலும் அவர் நிற்க முடியாது. அவர் மனத்தில் இருந்ததையெல்லாம் நான்கு இடத்துக்கும் பொதுவாக எழுதிவைக்க வேண்டும். ஈ.ஆர்.பி. என்பது அப்படி எழுதிவைத்ததுதான். எழுதுகிற இடம் கம்ப்யூட்டர், அவ்வளவே.

முதலில் பெயரிலிருந்து ஆரம்பிப்போம். மாஸ்டர் சென்னையிலிருந்து மதுரைக்கு போன் செய்து, "பாயசத்துக்குச் சர்க்கரை இருபது கிலோ எடுத்து வையுங்கள்" என்கிறார். அவர் நினைத்தது வெள்ளைச் சர்க்கரை. மதுரைப் பக்கம் அதைச் சீனி என்பார்கள். சர்க்கரை என்றால் அங்கே பலருக்கும் வெல்லச் சர்க்கரைதான். உக்கிராணத்துக்காரர் சொன்னபடிதான் செய்தார். பாயசம் வேறு நிறத்தில், வேறு ருசியில் வந்தது. இதற்குள் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பது ஒன்று. ஒரே பெயருக்குள் இரண்டு பொருள் இருப்பது மற்றொன்று. முதலாவதால் காசு வீணாகும். இரண்டாவதால் சமையலே கெடும்.

தொழிற்சாலைக்கு வாருங்கள். பம்பிலும் மோட்டாரிலும் சர்வ சாதாரணமாகப் புழங்கும் ஒரு பேரிங் 6204. உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, அகலம் 14. முதல் யூனிட்டின் ஸ்டோர்ஸில் அதை '6204' என்று எழுதியிருப்பார்கள். இரண்டாவது யூனிட்டில் 'பால் பேரிங் 20×47×14'. மூன்றாவதில் சப்ளையரின் கேட்டலாக் எண்ணையே ஐட்டம் கோடாக வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டர் இவற்றை மூன்று பொருளாக எண்ணும். ஆகவே முதல் யூனிட்டில் நானூறு பேரிங் தூசி படிந்து கிடக்கும்போதே மூன்றாவது யூனிட் அதே பேரிங்கை அவசர விலைக்கு வாங்கும். யார் மேலும் குற்றமில்லை. கிடப்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

அடுத்த கோளாறையும் இதே பேரிங்கில் பார்க்கலாம். வெறுமனே 6204 என்று எழுதினால், இரண்டு பக்கமும் உலோகத் தகடு மூடிய 'இசட் இசட்' வகையா, ரப்பர் சீல் போட்ட 'டூ ஆர்.எஸ்.' வகையா என்று தெரியாது. இரண்டும் ஒரே அளவு, ஒரே இடத்தில் கச்சிதமாக உட்காரும். தண்ணீரும் தூசியும் படுகிற இடத்தில் ரப்பர் சீல் தாங்குகிற அளவுக்குத் தகடு தாங்காது. தவறான பேரிங் போட்ட பம்பு சோதனை மேடையில் ஓடிக் காட்டிவிடும். பழுது வயல்காட்டில் வந்து நிற்கும்.

இதை எப்படிச் சரிசெய்கிறார்கள்? முதலில் நான்கு யூனிட்டின் ஐட்டம் பட்டியலையும் ஒரே தாளில் கொட்டுகிறார்கள். பெயர் வரிசையில் அடுக்கினால் பயனில்லை, பெயர்தானே பிரச்சினை. ஆகவே பேரிங் என்றால் உள்விட்டம், போல்ட் என்றால் விட்டமும் நீளமும், தகடு என்றால் கனமும் தரமும் என்று குணத்தை வைத்து அடுக்குகிறார்கள். அப்போது இரட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு புது எண் கொடுத்து, பழைய எண்கள் எல்லாவற்றையும் அதற்கு எதிரே குறித்துவைக்கிறார்கள். புது எண்ணைப் பற்றி ஒரு கருத்து உண்டு எனக்கு. எண்ணுக்குள்ளேயே அர்த்தம் வைக்க ஆசைப்படுவார்கள்: முதல் இரண்டு இலக்கம் பிரிவு, அடுத்த இரண்டு சப்ளையர், கடைசி மூன்று அளவு என்று. சப்ளையர் மாறிய அன்றே அந்த எண் பொய் சொல்லத் தொடங்கிவிடும். எண் வெறும் எண்ணாக இருக்கட்டும். விவரம் விவரத்துக்கு உரிய கட்டத்தில் இருக்கட்டும்.

கேட்பதற்கு ஒரு வாரத்து வேலை போலத் தெரியும். நெஸ்லே யு.எஸ்.ஏ.வில் ஒவ்வொரு பிரிவின் பொருள் விவரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொதுவான பட்டியல் போட ஒரு தனிக் குழுவுக்கு 18 மாதம் பிடித்தது. ஒரு யூனிட்டை விரிவாக்கும்போது இயந்திரம் வாங்குவதற்குக் கமிட்டி போடுகிறோம், சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்க ஆலோசகரை அழைக்கிறோம், பெயர்ப்பட்டியலை மட்டும் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்களிடம் கொடுத்துவிடுகிறோம். அது தலைகீழ் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நல்ல பட்டியலைச் சுமாரான சாஃப்ட்வேரில் ஏற்றினால் நிறுவனம் ஓடும். மோசமான பட்டியலை எவ்வளவு உயர்ந்த சாஃப்ட்வேரில் ஏற்றினாலும், பழைய குழப்பம்தான் இன்னும் வேகமாக வெளியே வரும். ஆகவே அந்த வேலையில் இருபது வருடம் ஸ்டோர்ஸில் நின்றவர் உட்கார வேண்டும். எந்த போல்ட் எதற்குப் பதிலாகப் போகும், எது போகாது என்று அவருக்குத்தான் தெரியும்.

பெயருக்கு அடுத்தது அளவு. மாஸ்டர் பருப்பைப் படியில் அளந்து போடுவார், கடைக்காரர் கிலோவில் கொடுப்பார். ஊருக்கு ஊர் படியின் அளவும் ஒன்றாக இருந்ததில்லை. தொழிற்சாலையில் இதற்கு நல்ல உதாரணம் இரும்புத் தகடு. வாங்குவது கிலோவில், அடுக்கிவைப்பது ஷீட் எண்ணிக்கையில், வெட்டுவது மில்லிமீட்டரில். ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுத் தகடு சுமார் 7.85 கிலோ இருக்கும். அதே கனத்தில் 1.25 மீட்டருக்கு 2.5 மீட்டர் ஷீட் என்றால் ஏறக்குறைய 24.5 கிலோ. இந்த மாற்றுக் கணக்கை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முறை எழுதி எல்லா யூனிட்டுக்கும் பொதுவாக வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு யூனிட் 'நூறு' என்று ஷீட்டை நினைத்து ஏற்றும், இன்னொன்று 'நூறு' என்று கிலோவாகப் படிக்கும். ஒரே திரையில் இரண்டு நூறுகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

இப்போது பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது. அடுத்து சாமான் லிஸ்ட். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது.

கல்யாண வீட்டார் மாஸ்டரிடம் சொல்வது ஒரே ஒரு எண்: 1,200 இலை. அது யூகம்தான். கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் அந்த எண் ஒருமுறை முடிவாகிவிட்டால் அதற்குப் பிறகு எதையும் யூகிக்க வேண்டியதில்லை, எல்லாமே கணக்கு. சாம்பாருக்கு நூறு இலைக்கு நாலு கிலோ துவரம் பருப்பு என்று அவர் வைத்திருப்பதாகக் கொள்வோம். 1,200 இலைக்கு 48 கிலோ. உக்கிராணத்தில் 10 கிலோ இருக்கிறது, கழிக்க வேண்டும். 15 கிலோவுக்கு ஏற்கெனவே கடையில் சொல்லியாயிற்று, அதையும் கழிக்க வேண்டும். மீதி 23. கடையில் 25 கிலோ மூட்டையாகத்தான் வரும், ஆகவே ஒரு மூட்டை. அதோடு முடியவில்லை. சாம்பாருக்குள் சாம்பார்ப் பொடி இருக்கிறது. பொடிக்குள் மிளகாயும் மல்லியும் இருக்கின்றன. பொடி இரண்டு நாள் முன்னால் அரைபட வேண்டும். அரைபட வேண்டுமானால் மிளகாய் அதற்கும் இரண்டு நாள் முன்னால் வந்து வெயிலில் காய வேண்டும். ஆகவே முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால், என்ன பொருள், எத்தனை கிலோ, எந்தத் தேதியில் வாங்க வேண்டும் என்று எல்லாமே வரிசையாக விழுந்துவிடும்.

தொழிற்சாலையில் நடப்பது அட்சரம் பிசகாமல் இதுவே. பம்புக்குள் ரோட்டார், ரோட்டாருக்குள் ஷாஃப்டும் பேரிங்கும் என்று அடுக்கடுக்காக எழுதிய பட்டியலை பில் ஆஃப் மெட்டீரியல் என்பார்கள். 300 பம்பு ஆர்டர் என்றால், பம்புக்கு இரண்டு வீதம் 600 பேரிங். கையில் 250, வரவேண்டியது 100, மீதி 250. சப்ளையர் அனுப்ப மூன்று வாரம், கோர்க்க ஒரு வாரம். ஆகவே டெலிவரி நாளுக்கு நான்கு வாரம் முன்னால் ஆர்டர் போக வேண்டும். ஐ.பி.எம்.மில் பணியாற்றிய ஜோசப் ஆர்லிக்கி 1960களில் இந்தப் பின்னோக்கிய கணக்கைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற முறையாக்கினார். 1975இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். 1964இல் அதை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது மின்கருவிகள் செய்யும் பிளாக் அண்டு டெக்கர். அதற்கு முன்பு தொழிற்சாலைகள் பேரிங்குக்கும் தனியாக யூகம் போட்டன, ஷாஃப்டுக்கும் தனியாக யூகம் போட்டன; குறையாதிருக்க எல்லாவற்றையும் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி அடுக்கின. எதை யூகிக்க வேண்டும், எதைக் கணக்கிட்டாலே போதும் என்று ஆர்லிக்கி பிரித்துக்காட்டியது உற்பத்தித் தொழிலையே மாற்றியது. இன்று உற்பத்தி நிறுவனங்களில் இருக்கும் ஈ.ஆர்.பி.யின் வயிற்றுக்குள்ளும் அந்தக் கணக்குதான் ஓடுகிறது.

இப்போது நான்கு யூனிட் கதைக்குத் திரும்புவோம். ஒரே மாடல் பம்பை இரண்டு யூனிட் செய்கின்றன. ஒன்றின் பட்டியலில் நான்கு ஸ்க்ரூ, மற்றொன்றில் ஆறு. எது சரி? சாஃப்ட்வேரால் இதைத் தீர்க்க முடியாது. டிசைன் இன்ஜினியரும் இரண்டு யூனிட்டின் மேற்பார்வையாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். ஒரே சாஃப்ட்வேர் போடுகிற வேலையில் பெரும் பகுதி இப்படிப்பட்ட மேசைகளில்தான் நடக்கிறது. பல வருடம் யாரும் கேட்காத கேள்வியை அது கேட்க வைக்கிறது.

அடுத்து சரக்கு உள்ளே வருகிறது. மண்டபத்தின் பின்வாசலில் மளிகை வண்டி நிற்கிறது. உக்கிராணத்துக்காரர் கையில் மாஸ்டர் எழுதிய லிஸ்ட் இருக்கிறது. ஒவ்வொரு மூட்டையையும் தராசில் வைத்து வந்த எடையைக் குறிக்கிறார். இரண்டு நாள் கழித்துக் கடைக்காரர் பில் கொடுக்கிறார். கேட்டது, வந்தது, பில்லில் இருப்பது மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம். தொழிற்சாலையில் அந்த மூன்றும் பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, இன்வாய்ஸ். வரவுச் சீட்டை ஸ்டோர்ஸில் ஜி.ஆர்.என். என்பார்கள். மூன்று தாளும் மூன்று அறைகளில் இருந்தால் ஒத்துப்பார்க்க ஆள் வேண்டும், நாள் வேண்டும். மூன்றும் ஒரே கணினியில் இருந்தால் அது தானாகவே ஒத்துப்பார்த்து, இடிக்கிற பில்லை மட்டும் ஒதுக்கி நிறுத்தும். நான்கு யூனிட்டும் சரக்கு வந்த நேரத்திலேயே ஜி.ஆர்.என். போடுகின்றனவா என்பதுதான் இங்கே முக்கியம். ஒரு யூனிட் அன்றன்றைக்குப் போட்டு, இன்னொன்று சனிக்கிழமை மொத்தமாகப் போட்டால், வாரத்தில் ஐந்து நாள் திரையில் தெரியும் ஸ்டாக்கை நம்ப முடியாது.

சரக்கு உள்ளே வரும் அதே நொடியில் கணக்கிலும் இரண்டு வரி விழும்: ஸ்டாக் இவ்வளவு கூடியது, சப்ளையருக்கு இவ்வளவு கடன்பட்டோம். உற்பத்திக்கு எடுத்துக் கொடுத்தால் ஸ்டாக் குறைந்து உற்பத்திச் செலவு கூடும். பம்பு வெளியே போனால் விற்பனை, வரி, வசூலாக வேண்டிய தொகை. சரக்கு நகர்ந்தால் காசும் கூடவே நகர்கிறது. யாரும் இரண்டாம் முறை எழுதுவதில்லை. இதைத்தான் 1972இல் ஐ.பி.எம்.மிலிருந்து வெளியே வந்த ஐந்து ஜெர்மானிய இன்ஜினியர்கள் செய்துகாட்டக் கிளம்பினார்கள். அவர்கள் தொடங்கியதுதான் எஸ்.ஏ.பி. நிறுவனம். அதன் முதல் வாடிக்கையாளர், ஓஸ்ட்ரிங்கன் ஊரில் இருந்த ஐ.சி.ஐ. கம்பெனியின் நைலான் தொழிற்சாலை. சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாததால் அவர்கள் அந்தத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து எழுதினார்கள். அதுவரை அட்டையில் துளை போட்டு, இரவில் மொத்தமாக ஓட்டி, மறுநாள் காலையில்தான் விடை பார்ப்பார்கள். இவர்களோ நடக்கும்போதே கணக்கு ஏற வேண்டும் என்றார்கள்.

ஒரே சாஃப்ட்வேர் வாங்கிவிட்டால் எல்லாம் தானாக ஒன்று சேர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நெஸ்லே யு.எஸ்.ஏ. எஸ்.ஏ.பி.யை வாங்கிப் பகுதி பகுதியாகப் போட்டது. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது பழைய கம்ப்யூட்டர்கள் தேதியைக் குழப்பிவிடும் என்ற பயம் அப்போது எல்லாருக்கும் இருந்தது. அதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பகுதிகளை ஒன்றோடொன்று கோர்க்கும் இடங்களைக் கவனிக்காமல் விட்டார்கள். விற்பனை ஆள் ஒருவர் வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுத்துக் கணினியில் ஏற்றுவார். வசூல் பிரிவுக்கு அது தெரியாது. வாடிக்கையாளர் தள்ளுபடி போக மீதியை ஒழுங்காகக் கட்டுவார். வசூல் பிரிவின் திரையிலோ அவர் பாக்கிக்காரர். மண்டபத்தில் பந்தி விசாரிப்பவர் "இன்னும் ஒரு பந்தி உண்டு" என்று தலையாட்டியிருக்க, அடுப்படியில் அண்டாவைக் கழுவத் தொடங்கிவிட்டது போன்ற நிலை அது.

இனி, எது நான்கு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், எது வேறாகவே இருக்கலாம் என்ற கேள்வி. மாஸ்டருக்கு இது நன்றாகத் தெரியும். பொருளின் பெயர், அளவு, விலைப் பட்டியல், கணக்கெழுதும் முறை நான்கு மண்டபத்திலும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு ஊர்த் தண்ணீரிலும் பருப்பு வேகிற நேரம் வேறு. அதைச் சென்னையில் உட்கார்ந்து நிர்ணயிக்க மாட்டார்.

நிறுவனத்திலும் சில வேறுபாடுகளைச் சட்டமே கேட்கிறது. இந்தியாவில் 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடப்பில் இருக்கிறது. ஒரு கம்பெனிக்கு எந்தெந்த மாநிலத்தில் யூனிட் இருக்கிறதோ அந்தந்த மாநிலத்தில் தனிப் பதிவு வேண்டும். பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும், தமிழ்நாட்டுக்கு 33. கோவை யூனிட்டிலிருந்து குஜராத் யூனிட்டுக்கு ரோட்டார் அனுப்பினால், அது தன் வீட்டுச் சரக்குதானே என்று வெறும் கையோடு அனுப்ப முடியாது. சட்டத்தின் கண்ணில் அவை இரண்டு தனி நபர்கள். வரியோடு இன்வாய்ஸ் போட வேண்டும். கோவையில் புறப்பட்டுக் குஜராத் சேராமல் லாரியில் இருக்கும் அந்த நாலைந்து நாள் சரக்கு யார் ஸ்டாக்? இதற்கென்றே 'வழியில் உள்ள சரக்கு' என்று சாஃப்ட்வேரில் ஒரு கணக்கு உண்டு. அதைச் சரியாக அமைக்காத நிறுவனத்தில், ஆண்டுக் கடைசியில் இரண்டு யூனிட்டும் அதைத் தன்னுடையது என்று எண்ணும், அல்லது இரண்டுமே எண்ணாமல் விட்டுவிடும்.

சட்டம் கேட்காத வேறுபாடுகளில்தான் சண்டை. "எங்கள் யூனிட் எப்போதும் இப்படித்தான்" என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். அப்போது பொறுமையாக ஏன் என்று கேட்க வேண்டும். இயந்திரம் வேறு, வாடிக்கையாளர் அப்படிக் கேட்கிறார் என்று காரணம் வந்தால் அந்த வேறுபாடு இருக்கட்டும். காரணம் வராவிட்டால் பொது முறைக்கு மாறட்டும். ஒவ்வொரு யூனிட்டின் பழக்கத்துக்கும் ஏற்றாற்போல் சாஃப்ட்வேரின் உள்ளே கைவைத்து மாற்றிக்கொண்டே போனால், புதுப் பதிப்பு வரும்போது அத்தனை மாற்றத்தையும் மறுபடி செய்து பார்க்க வேண்டிவரும். அந்தச் செலவை நினைத்தே பல நிறுவனங்கள் பழைய பதிப்பிலேயே தேங்கிப்போகின்றன.

எல்லாம் தயாரான பிறகு மாறும் நாள் வருகிறது. கோ-லைவ் என்பார்கள். அன்று பழைய கணினியில் எழுதுவதை நிறுத்தி, ஸ்டாக்கைக் கையால் எண்ணி, முடியாத ஆர்டர்களையும் பாக்கிகளையும் பட்டியலிட்டுப் புதியதில் ஏற்றுவார்கள். நான்கு யூனிட்டையும் ஒரே நாளில் மாற்றலாம். அல்லது ஒன்றை முதலில் மாற்றி, பழுது பார்த்து, மற்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றலாம். நான் இரண்டாவது கட்சி. முதல் யூனிட்டாக நடுத்தரமான ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: மிகச் சின்னதில் பிரச்சினைகள் வெளிப்படாது, மிகப் பெரியதில் வெளிப்பட்டால் தாங்காது.

நாள் பார்ப்பதும் முக்கியம். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 11.2 கோடி டாலர் செலவிட்டு எஸ்.ஏ.பி.யோடு இன்னும் இரண்டு சாஃப்ட்வேரையும் சேர்த்து மாற்றியது. நான்கு வருடம் எடுத்துக்கொள்ளச் சொன்ன வேலையை இரண்டரை வருடத்தில் முடிக்கத் திட்டமிட்டார்கள். 1999 ஏப்ரலில் மாற வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போனது. அக்டோபர் 31 ஹாலோவீன். மிட்டாய்க் கடைகளின் பெரிய ஆர்டர்கள் குவிகிற நேரத்தில் புதிய கணினியைப் பழகிக்கொண்டிருந்தார்கள். கிடங்கில் சரக்கு இருந்தது, அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டில் லாபம் 19 சதவீதம் விழுந்தது. சீசன் நெருக்கடியில் கிடைத்த இடத்திலெல்லாம் மிட்டாயை அடுக்கிவைப்பது அங்கே வழக்கம். எது எங்கே இருக்கிறது என்பது ஆட்களுக்கு மனப்பாடம். அந்த இடங்கள் புதிய கணினியில் பதிவாகவில்லை. மாடிப்படிக்கு அடியில் வைத்த எண்ணெய் டின் உக்கிராணக் கணக்கில் இல்லையென்றால், அது இல்லாத டின்தான்.

கடைசியாக மனிதர்கள். நெஸ்லே யு.எஸ்.ஏ. திட்டத்தை வகுத்த குழுவில் 50 உயர் அதிகாரிகள் இருந்தார்கள். தினமும் திரையைத் தொடப்போகிறவர்கள் பக்கமிருந்து யாரும் இல்லை. புதிய முறை வந்தபோது அது ஏன் இப்படி இருக்கிறது என்றே அவர்களுக்குப் புரியவில்லை. எவ்வளவு சரக்கு விற்கும் என்று கணிக்கும் பிரிவில் 77 சதவீத அளவுக்கு ஆட்கள் வேலையை விட்டுப் போனார்கள். 2000 ஜூனில் அமெரிக்கக் கிளை வேலையை நிறுத்திவைத்தது. அதே மாதத்தில்தான் சுவிட்சர்லாந்தில் உள்ள தாய் நிறுவனம், உலகம் முழுவதற்கும் ஒரே முறை கொண்டுவர எஸ்.ஏ.பி.யுடன் 20 கோடி டாலர் ஒப்பந்தத்தை அறிவித்தது. நிறுத்தியவர்கள் கைவிடவில்லை. மூன்று நாள் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். சாஃப்ட்வேரை ஒதுக்கிவைத்து, வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை முதலில் எழுதினார்கள். 2001 ஏப்ரலில்தான் முழுத் திட்ட வரைபடம் முடிந்தது.

மாறிய பிறகும் ஒரு காவல் வேண்டும். உக்கிராணச் சாவி ஒருவர் இடுப்பில் இருப்பதுபோல, புது ஐட்டம் கோடு உருவாக்கும் உரிமை ஓரிருவர் கையில் இருக்க வேண்டும். யூனிட்டிலிருந்து புது எண் கேட்டால், ஏற்கெனவே இருக்கிறதா என்று குணத்தை வைத்துத் தேடிப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். அதே சமயம் கேட்டவரை நாட்கணக்கில் காக்க வைக்கவும் கூடாது. காக்க வைத்தால் அவர் சொந்தமாக ஓர் எக்செல் தொடங்கிவிடுவார். அந்த எக்செல் ஐந்தாவது யூனிட்டாக வளரும்.

நெஸ்லே யு.எஸ்.ஏ.வின் திட்டத்துக்குச் சுமார் 21 கோடி டாலர் செலவானது. 2002க்குள் 32.5 கோடி டாலர் மிச்சமானதாக நிறுவனம் கணக்குச் சொன்னது. அதில் பெரும் பகுதி கொள்முதல் பேரத்திலிருந்து வரவில்லை, விற்பனைக் கணிப்பிலிருந்து வந்தது. முன்பெல்லாம் விற்பனை ஆள் ஒரு எண் சொல்வார். கணிப்பவர் அதை நம்பாமல் மாற்றுவார். தொழிற்சாலை இருவரையும் நம்பாமல் தன் எண்ணுக்குச் செய்யும். மாற்றத்துக்குப் பிறகு மூவரும் ஒரே எண்ணைப் பார்த்தார்கள். அந்த ஓர் எண்ணை வைத்து எவ்வளவு செய்வது, எந்தக் கிடங்குக்கு எவ்வளவு அனுப்புவது என்று முடிவானது. ஆகவே ஒரு கிடங்கில் தேங்கிக் கிடப்பதும், மிஞ்சியதை ஊர்விட்டு ஊர் மாற்றி அனுப்புவதும் குறைந்தன.